குளிர் மட்டும் போதுமா?

வெண்பனி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கடுங்குளிரே. குளிர் கூடக் கூடப் பனியும் கூடும் என்றே பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை சரிதானா என்று நாம் சற்றுச் சிந்திப்போமா?

உலகிலேயே கடுமையான குளிர் நிலவுவது அன்டார்க்டிகாவின் உட்பகுதியில். ஆனால் அங்கே ஓராண்டில் விழும் பனியை உருக்கி அளந்தால், ஐந்து சென்டிமீட்டர் நீர்கூடத் தேறாத இடங்கள் உண்டு. ஆகவே அறிஞர்கள் அதனைப் பாலைவனம் என்றே கூறுவர். காரணம் யாது? மிகவும் குளிர்ந்த காற்றால் சிறிதளவு நீராவியையே தாங்க முடியும். ஈரம் இல்லையேல் மழை ஏது, பனி ஏது? அங்கே நாம் காணும் பனிப்பரப்பு, உருகாமல் நெடுங்காலமாகச் சேர்ந்த சேமிப்பே ஆகும்.

பெரும் பனிப்பொழிவுக்கு மூன்று வேண்டும்: உறைய வைக்கும் குளிர், நிறைந்த ஈரம், ஈரக்காற்றை மேலே எழச்செய்யும் நிலை. இம்மூன்றும் ஒன்றுகூடும் இடத்திற்கு அமெரிக்காவின் பஃபலோ நகரம் நல்ல சான்று. அது ஈரி என்னும் பெரிய ஏரியின் கிழக்கு முனையில் உள்ளது. நவம்பர் மாதத்திலும் ஏரிநீர் கோடையின் வெப்பத்தை முற்றும் இழப்பதில்லை. கனடாவிலிருந்து வரும் குளிர்காற்று ஏரியைக் கடக்கும்போது வெப்பத்தையும் நீராவியையும் வாரிக்கொள்கிறது. மேலெழுந்து மேகமாகிக் கரையில் பனியைக் கொட்டுகிறது. 2014 நவம்பரில் நகரின் தென்புறத்தில் ஐந்தடிக்கு மேல் பனி குவிந்தது. சில மைல் வடக்கேயோ சில அங்குலமே! 2022 நவம்பரில் அருகிலுள்ள ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறடிக்கு மேல் பெய்தது. ஏரி முழுவதும் உறைந்துவிட்டாலோ இவ்வகைப் பனி பெரிதும் குறைந்துவிடும்.

இவ்வுண்மையை அறியாத சிலர், பெரும்பனி பெய்யும் போதெல்லாம், "பூமி வெப்பமடைகிறதாம்!" என்று நகைக்கின்றனர். ஏரி உறையாமல் நெடுநாள் வெதுவெதுப்பாய் இருப்பின் பனி கூடவும் கூடும் அல்லவா? ஒரு நாள் பனியைக் கொண்டு பூமியின் போக்கை அளப்பது, ஒரு வேளைச் சமையலைக் கொண்டு ஓராண்டுச் செலவைக் கணக்கிடுவது போன்றதாகும். அவ்வொரு நாளைக் காட்டி வெப்பத்தை மறுப்பதும் தவறு. அதை மட்டும் காட்டி மெய்ப்பிக்க முயல்வதும் தவறு.

இது வெறும் வாதப் பொருளன்று; உயிர்ப் பிரச்சினை. 2022 டிசம்பரில் அதே பஃபலோ பகுதியில் வீசிய பனிப்புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிலர் வாகனங்களிலேயே சிக்கி உயிர்நீத்தனர். வானிலை அறிஞர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர்; வாகனங்கள் செல்லத் தடையோ புயல் தொடங்கிய அன்று காலையில்தான் வந்தது. அறிவு முன்னே வந்தும் செயல் பின்தங்கினால் பயன் என்ன?

ஆகவே, தோழியரே, கேட்டதையெல்லாம் நம்பாமல் காரணத்தை ஆராய்ந்து அறிவோம். காற்றையும் ஈரத்தையும் கணித்துச் சொல்வோரின் எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்போம். இயற்கையை நம்மால் தடுக்க இயலாது. ஆயினும் அதனைப் புரிந்துகொண்டு உயிர்களைக் காக்க நம்மால் இயலும்.