ஒரே மருந்து, மூன்று அடர்த்தி

குழந்தைகளின் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் இந்தியச் சந்தையில் ஒரே அடர்த்தியில் விற்கப்படுவதில்லை. சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 அல்லது 250. சிரப் என்றெண்ணிச் சொட்டு மருந்தை 5 மில்லிலிட்டர் ஊட்டினால், பெரியவர் விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை முழுவதும் கைக்குழந்தையின் வயிற்றில் இறங்கும். அளவு மீறினால் கெடுவது கல்லீரல்.

ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமே உச்சம். நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தையை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வேலை முடிந்து இரவில் மருந்துக்கடைக்கு ஓடும் தாய்க்கு இதை யார் சொல்வது? சொல்லக்கூடிய ஆஷாவையோ ‘தன்னார்வலர்’ என்றே ஒன்றிய அரசு நடத்துகிறது.

நிமெசுலைடை 12 வயதுக்குட்பட்டோருக்குத் தடைசெய்ய 2011 வரை காத்திருந்தது அரசு. இதற்கும் அத்தனை காலம் வேண்டுமா? குழந்தைகளுக்கு ஒரே அடர்த்தி, புட்டியோடு அளவுக்குழல், தாய்மொழியில் எடைவாரி அளவு: இவற்றைக் கட்டாயமாக்க ஓர் அறிவிக்கை போதும்.