மாத்திப் பாக்குற வைத்தியம்

முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஆட்டோ அனுப்புறவங்க அனுப்பலாம். பழைய காருக்கு வேற எஞ்சின் போட்ட பிறகு வர்ற கோளாறுக்கு, பெரும்பாலும் அந்த எஞ்சின் காரணமே இல்லை. ஆனா அடி வாங்குறது எப்பவும் எஞ்சின்தான். பர்ஸ் காலியாகறது நமக்கு.

அம்பாசடர் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு இது பழகின கதை. கையில ஒரு மார்க் 2 இருக்கும். அதோட பி.எம்.சி. காலத்து 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைக் கழட்டிட்டு, தொண்ணூறுகள்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசடர்ல போட்டுக் கொடுத்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சினை, 5 கியர் பாக்ஸோட இறக்குவாங்க. ஏ.சி. போடலாம், பைபாஸ்ல லாரியை தைரியமா முந்தலாம். ஆசை நியாயமானதுதான். அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

என் சண்டை அதுக்கப்புறம் நடக்குற கூத்தோட.

கோயம்புத்தூர்ல ஒரு நண்பர் வண்டி இதே கதைதான். எஞ்சின் மாத்தி ஒரு வாரத்துல டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போச்சு. "தெர்மோஸ்டாட்டா இருக்கும், மாத்திப் பாப்போம்"னாங்க. மாத்தினாங்க. முள்ளு இறங்கலை. அடுத்து வாட்டர் பம்ப். அப்புறம் ரேடியேட்டர் கோர். கடைசியா ஹெட்டைக் கழட்டி கேஸ்கெட். அஞ்சு மாசம் வண்டி ஷெட்டுல. மனுஷன் எஞ்சினையே திருப்பிக் கொடுக்கிற முடிவுக்கு வந்துட்டார்.

இத்தனைக்கும் ரேடியேட்டர்ல தண்ணி ஒரு சொட்டு குறையலை, கொதிக்கவும் இல்லை. அது மட்டுமில்ல, ராத்திரி லைட்டைப் போட்டா முள்ளு இன்னும் கொஞ்சம் ஏறும். லைட் போட்டா எஞ்சின் சூடாகுமா சார்? யாரும் கேக்கலை!

ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிட்டு வந்து தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல காட்டினா 84 டிகிரி. பச்சைக் குழந்தை மாதிரி ஆரோக்கியம். (பளபளக்குற உலோகத்துல நேரா காட்டினா கம்மியா காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல பாருங்க.) புதுசா மாட்டின எலக்ட்ரிக் கேஜோட எர்த் வயரை, பெயின்ட் அடிச்ச தகடு மேல ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தாங்க. எர்த் சரியா இல்லைன்னா அந்த மாதிரி கேஜ் கூடுதலாத்தான் காட்டும். அதே எர்த்துல கேஜோட பல்பும் சேந்ததால லைட் போட்டா இன்னும் ஏறுது. உப்புத்தாளால பெயின்ட்டைச் சுரண்டினதும் சரியாப் போச்சு.

உடனே ஒருத்தர் வருவார்: "எங்க மெக்கானிக் அண்ணன் சத்தத்தை வெச்சே சொல்லிடுவார், மீட்டர் எல்லாம் எதுக்கு?" சொல்லுவார்தான், மறுக்கலை. அந்தக் காது ஆயிரம் அம்பாசடரைக் கேட்ட காது. ஆனா உங்க வண்டி இப்போ அந்த ஆயிரத்துல ஒண்ணு இல்லையே! எஞ்சின் ஒரு வண்டியோடது, ரேடியேட்டர் இன்னொண்ணோடது, வயரிங் பாதி பழசு பாதி புதுசு. இப்படி ஒரு வண்டியை அவர் முன்னாடி கேட்டதே இல்லை. அனுபவம் கைகொடுக்காத இடத்துலதான் அளவு வேணும்.

எங்கே அளக்கணும்? பழசும் புதுசும் சேர்ற இடத்துல. எஞ்சின் ஏற்கெனவே ஒரு வண்டியில ஒழுங்கா ஓடினது. பாடியும் ஓடினது. புதுசா உருவானது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இணைப்புதான்.

1. எஞ்சின் உக்காந்திருக்கிறது ரப்பர் மவுன்ட் மேல. எர்த் பட்டை போட மறந்தா, ஸ்டார்ட்டரோட கரன்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியா திரும்பும். கேபிள் சுடும், செல்ஃப் இழுத்து இழுத்து சுத்தும். பேட்டரி மேல பழி விழும். மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை எஞ்சின் பிளாக்லயும் வெச்சு செல்ஃப் அடிங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்துதான் குற்றவாளி.

2. டிராஃபிக்ல மட்டும் சூடா? காத்து பத்தலை. ஃபேன் தலைகீழா சுத்துதான்னு முதல்ல பாருங்க. ஹைவேல மட்டும் சூடா? ரேடியேட்டர் பத்தலை, இல்லைன்னா அடைப்பு.

3. அதிருதா? காலி ரோட்டுல, அதிர்ற வேகத்துல நியூட்ரல் பண்ணுங்க. அதிர்வு நின்னா எஞ்சின் பக்கம், மவுன்ட்டைப் பாருங்க. நிக்கலைன்னா புரொப்பல்லர் ஷாஃப்ட், வீல் பக்கம். கியர் பாக்ஸ் மாறினா ஷாஃப்ட்டோட நீளமும் கோணமும் மாறும். இதை அளக்காம ஷாஃப்ட்டை வெட்டி வெல்டு வெச்சவங்க எத்தனை பேர்!

ஆர்.சி. புக்கும் ஒரு இணைப்புதான். எஞ்சின் மாத்தினா ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி நம்பரை ஏத்தணும். இன்னொண்ணும் இருக்கு. 2021ல வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டின வண்டியை வின்டேஜ்னு பதியணும்னா சேஸி, பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதனால பழைய எஞ்சினை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடாதீங்க, புண்ணியமாப் போகும். 2014ல உத்தர்பாராவுல அம்பாசடர் உற்பத்தியே நின்னு போச்சு. இனி புதுசா ஒண்ணு வரப்போறதில்லை.

என் கோபம் மெக்கானிக் மேல இல்லை மக்களே. அவருக்கு வயரிங் படம் கூட கொடுக்காம, "எப்போ சார் ரெடியாகும்"னு தினமும் போன் போடுற நம்ம மேலதான். குரோம் பம்பருக்கு பல்லாயிரம் செலவழிக்கிறோம், சில நூறு ரூபா மல்டிமீட்டர் வாங்க யோசிக்கிறோம். அடுத்த தடவை யாராவது "மாத்திப் பாப்போம்"னா, "அளந்து பாத்தாச்சா அண்ணே?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் இல்லைன்னா பர்ஸைத் திறக்காதீங்க.

டிஸ்கி: ஃபியட் பத்மினிக்காரங்க சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் இதேதான்.