தந்தையின் பெயரை மீட்ட செவாலியே



'செவாலியே' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. 1995-இல் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் பிரெஞ்சு அரசிடமிருந்து அவ்விருதைப் பெற்றபோது தமிழகமே மகிழ்ந்தது. ஆயினும், அதற்கு ஏறத்தாழ 275 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்க் கத்தோலிக்கர் பிரெஞ்சு மன்னரின் செவாலியே ஆனார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அச்சரப்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாக நாம் அடிக்கடி சென்றுவரும் புதுச்சேரியில் வாழ்ந்தவர் அவர். பெயர் குருவப்பப் பிள்ளை.

செவாலியே என்றால் குதிரை வீரர் என்று பொருள். 1469-இல் பிரான்சு மன்னர் பதினோராம் லூயி, அதிதூதரான புனித மிக்கேலின் பெயரால் ஒரு வீரர் குழாமை நிறுவினார். உயர்குடியினர் 36 பேர் மட்டுமே அதில் இடம்பெறலாம் என்பது விதி. சிப்பிகள் கோத்த பொன்மாலையும், பறவை நாகத்தை வீழ்த்தும் அதிதூதரின் உருவமும் அதன் அடையாளங்கள். பின்வந்த மன்னர்கள் வரைமுறையின்றி வாரி வழங்கியதால் அதன் மதிப்புக் குன்றியது. 1665-இல் பதினான்காம் லூயி அதனைச் சீர்திருத்தி, 100 பேருக்கென வரையறுத்தார். அதன்பின் கலைஞர்களும் அறிஞர்களும் அதனைப் பெற்றனர். வெர்சாய் அரண்மனையின் பூங்காவை அமைத்த லெ நோத்ர் அவர்களுள் ஒருவர். பிரெஞ்சுப் புரட்சியில் மறைந்து, மீண்டும் தலைதூக்கிய இப்பட்டம் 1830-இல் முடிவுற்றது.

இத்தகைய பட்டம் புதுச்சேரித் தமிழர் ஒருவருக்கு எவ்வாறு வந்தது?

குருவப்பரின் தந்தை நைனியப்பப் பிள்ளை, பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷி, இந்து சமயத்தவர். 1716-இல் ஆளுநர் எபேர், அவர்மீது கொடுங்கோன்மை, கலகம் ஆகிய குற்றங்களைச் சாட்டிச் சிறையிலிட்டார். கடைத்தெருவில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று. 1717-இல் அவர் சிறையிலேயே உயிர்நீத்தார்.

இதில் நாம் மறைக்கலாகாத உண்மையொன்று உண்டு. தலைமைத் துபாஷி கிறிஸ்தவராகவே இருத்தல் வேண்டும் என்று அங்கிருந்த சேசு சபையினர் நெடுநாள் வற்புறுத்தி வந்தனர். நைனியப்பரின் வீழ்ச்சியில் அவர்களுக்கும் பங்கிருந்தது. அதே பட்டணத்தில் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களோ அவர் பக்கம் நின்றனர். ஒரே திருச்சபையின் மக்கள் இரு பக்கமும் நின்றதை வரலாறு காட்டுகிறது.

மகன் குருவப்பர் வாளாவிருக்கவில்லை. கடல் கடந்து பிரான்சு சென்றார். மன்னர் பதினைந்தாம் லூயி அப்போது சிறுவர். அவர் பெயரால் ஆட்சி புரிந்த ஓர்லியான்ஸ் கோமகனிடம் முறையிட்டார். தீர்ப்புத் தள்ளுபடியாயிற்று, பறித்த சொத்துக்களைத் திருப்பித் தருமாறு ஆணை பிறந்தது, எபேரும் பதவியிழந்தார். பாரிசில் குருவப்பர் ஞானஸ்நானம் பெற்றார். புனித மிக்கேலின் செவாலியே ஆனார். ஊர் திரும்பித் தந்தையின் பதவியிலேயே அமர்ந்தார். ஆனால் 1724-இலேயே அவர் வாழ்வு முடிந்தது. பின்னாளில் நாட்குறிப்பால் புகழ்பெற்றவரும், செங்கற்பட்டுச் சாகீரைப் பெற்றவருமான ஆனந்தரங்கப் பிள்ளை இவருடைய நெருங்கிய உறவினரே.

குருவப்பர் மெய்யான விசுவாசத்தால் மனந்திரும்பினாரா, பதவியை எண்ணினாரா என்று சிலர் வினவலாம். உள்ளத்தை ஆய்ந்தறிபவர் இறைவன் ஒருவரே. ஒன்று மட்டும் தெளிவு: பிறர் சமயத்தைக் காரணமாக்கி அவர்க்கு அநீதி இழைப்பது கிறிஸ்துவுக்குத் தொண்டாகாது.

பொன்மாலை ஈராண்டு மூவாண்டே அவர் மார்பில் கிடந்தது. கடைத்தெருவில் இழிவுற்ற தந்தையின் பெயரை அவர் மீட்டளித்ததோ இன்றும் நிலைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய பெருமை அதுவே.