ஜாடிக்கு ஒரு குருகுலம்

உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஓர் ஊறுகாய் ஜாடி இருக்கும். வெள்ளை வயிறும் பழுப்புக் கழுத்துமாகப் பாட்டி காலத்திலிருந்து உட்கார்ந்திருக்கும் அந்த ஜாடியைப் பார்த்து என்றைக்காவது ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்களா? தண்ணீருக்கு மண்பானையை வைக்கிற நாம், ஆவக்காய்க்கு மட்டும் ஏன் ஜாடியைத் தேடுகிறோம்?

விஷயம் இதுதான். மண்பானை குடிக்கும், ஜாடி குடிக்காது. பானையின் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீர் அவற்றின் வழியாகக் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. அதே பானையில் ஊறுகாயை வைத்தால் உப்பும் எண்ணெயும் வெளியே பூத்துவிடும். இரண்டுமே மண்தான். ஆனால் மண்ணிலும் ரகம் உண்டு, சூட்டிலும் ரகம் உண்டு. நம் ஊர்ச் சூளையில் பானை வேகும் சூடு சாதாரணமாக 700 முதல் 900 டிகிரி வரை. ஜாடி மண்ணை ஏறக்குறைய 1300 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள். அந்தச் சூட்டில் மண் கல்லாக இறுகுகிறது. மேலே பூசிய பூச்சு உருகிக் கண்ணாடியாகப் படிகிறது.

ஜாடி என்றாலே தொழிற்சாலைச் சாமான் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஒருவர் சக்கரத்தின் முன் உட்கார்ந்து அதைக் கையால் செய்யலாம். அதை விற்று ஜீவனம் நடத்தலாம். நடத்திக்கொண்டே நாலு பேருக்குக் கற்றும் கொடுக்கலாம். இதைச் செய்து காட்டியவர்களில் சிலரைத்தான் இந்த வாரம் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

முதலில் டில்லி சர்தார் குருசரண் சிங். இளமையில் ஜப்பானுக்குப் போய் மட்பாண்டக் கலை பயின்றார். திரும்பி வந்து 1952-ல் டில்லியில் ‘டில்லி புளூ பாட்டரி’ என்ற பட்டறையைத் தொடங்கினார். தமக்குத் தெரிந்ததைப் பூட்டி வைக்காமல், தேடி வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். 1991-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 1995-ல் காலமானார்.

அடுத்தது நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரி. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கத் தம்பதி அங்கே 1971-ல் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் தொழில் பழகியவர். ரே முதலில் கட்டடக் கலை படித்து, பிறகு மண்ணுக்கு வந்தவர். பாத்திரம் செய்யும் பட்டறையை உள்ளூர்த் தொழிலாளர்களோடு டெபோரா பார்த்துக்கொண்டார். ரே சூளை கட்டினார், சிற்பம் செய்தார், பிறகு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

இந்த மாதிரிப் பட்டறையில் சேர்ந்தவுடனே பூச்சாடி செய்து அத்தைக்குப் பரிசு கொடுத்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள்! முதல் பாடம் மண் பிசைவது. சப்பாத்தி மாவு பிசைகிற கைக்கு இது சுலபம் என்று தோன்றும். ஆனால் உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் பிசைய வேண்டும். அடுத்த பாடம், சுற்றுகிற சக்கரத்தின் நடு மத்தியில் மண்ணை ஆடாமல் நிறுத்துவது. இதற்கே சிலருக்கு வாரக்கணக்காகும். மூன்றாவது பாடம்தான் மனசுக்குக் கஷ்டமானது. பாடுபட்டு எழுப்பிய முதல் பாத்திரத்தைக் கம்பியால் நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொல்வார்கள். சுவர் அடியிலிருந்து விளிம்புவரை ஒரே கனமாக இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி இல்லை. ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் காயும்போதே விரிசல் விழுந்துவிடும்.

தாமே தொழில் செய்கிறவர் ஆசிரியராக இருப்பதன் அருமை சூளையைத் திறக்கும்போதுதான் புரியும். பூச்சில் கொஞ்சம் இரும்பு கலந்து, சூளைக்குள் காற்றைக் குறைத்து எரித்தால் இளம் பச்சை வரும். இரும்பு அதிகமானால் கறுப்பு. செம்பைக் கலந்தால் அதே சூளையில் சிவப்பு. எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் எல்லாமே பாழாகலாம். அந்த நஷ்டத்தைத் தாமும் பட்டவர் சொல்லும் புத்தியை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மிட்டாய்க்கடைக்காரர் பாகு பதத்தை அடுத்த கடைக்காரருக்குச் சொல்வாரா? பூச்சுப் பக்குவத்தைத் தகப்பன் பிள்ளைக்கு மட்டும் சொன்ன காலம் உண்டு. கற்றுக்கொடுத்தால் கற்றவன் எதிரிலேயே கடை போடுவானே!

புதுச்சேரியில் அப்படித்தான் நடந்தது. பட்டறையில் பழகிய தொழிலாளர்கள் சொந்தப் பட்டறை வைத்தார்கள். மாணவர்களும் வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் சூளைகள் பெருகின. பொருள்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தவையாக வந்தன. இது நஷ்டமா, லாபமா? ஒரு பட்டறையின் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாக இருக்கலாம். ஊருக்கு லாபம். பாண்டிச்சேரிப் பாத்திரம் என்றால் ஒரு தனி மதிப்பு உண்டாயிற்று. 2018-ல் ஜெய்ப்பூரில் இந்தியாவின் முதல் மட்கலை மூவாண்டுக் கண்காட்சி நடந்தபோது, அதை முன்னின்று நடத்தியவர்களில் பலர் இந்தக் குருகுலத்துப் பிள்ளைகள்!

ரே மீக்கரின் இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். பச்சை மண் கல்லால் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, அந்த வீட்டையே சூளையாகக் கொளுத்திவிடுவது! நெருப்பு அணைந்ததும் வீடும் வெந்திருக்கும். உள்ளே வெந்த சரக்கை விற்று விறகுச் செலவையும் ஈடு கட்டலாம். ஈரானில் பிறந்த நாதர் கலீலி என்ற கட்டடக் கலைஞரின் யோசனையைப் பின்பற்றி, 1980-களின் நடுவிலிருந்து புதுச்சேரி, ஆரோவில் பக்கத்தில் இவ்விதம் வீடுகள் எழுந்தன. ஏழைகளுக்கு மலிவான வீடாக நாடெங்கும் பரவும் என்ற எண்ணம் மட்டும் பலிக்கவில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. சக்கரம் நமக்குப் புதிதல்ல. நம் வேளார்கள், அடி திறந்த பானையைச் சக்கரத்தில் எழுப்பி, உள்ளே கல்லை ஏந்தி, வெளியே கட்டையால் தட்டித் தட்டியே அடியை மூடிவிடுவார்கள். ஆளுயரத்துக்கு மேல் ஐயனார் குதிரை செய்கிற கை அது. ஆனால் நகரத்துப் பட்டறையில் செய்தவர் கலைஞர், அவர் பாத்திரம் நூற்றுக்கணக்கில் விலை. கிராமத்தில் செய்தவர் குயவர், அவர் பானைக்குப் பேரம்! குயவர் வீட்டுப் பிள்ளை வேறு வேலை தேடிப் போவதில் என்ன ஆச்சரியம்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பட்டணத்தில் மட்பாண்டம் கற்றுக்கொடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வேளாரையும் ஆசிரியராக உட்காரவைத்து, மற்ற ஆசிரியருக்குத் தரும் அதே சம்பளத்தை அவருக்கும் தரட்டும். 1300 டிகிரி வித்தையை அவர் கற்றுக்கொள்வார். தட்டி மூடும் வித்தையை மற்றவர்கள் கற்பார்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோடைக்குப் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த பானை. கேட்ட பிறகு பேரம் பேசாதீர்கள்.