பெயரில்லாமல் ஏற்றிய பேச்சு

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை பெங்களூரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். சாலைக் கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கப்பிள்ளையாக இருந்த பெரியவர் ஒருவரின் பேத்தி அவள். “மாமா, தாத்தா கூட்டத்துல பேசினதை நீங்க யூடியூபில போட்டிருக்கிறதா அம்மா சொன்னாங்க. ரெண்டு நாளாத் தேடுறேன், கிடைக்கவே இல்ல” என்றாள். பெரியவர் 2022-இல் காலமாகிவிட்டார். வீட்டில் அவருடைய புகைப்படங்கள் இருக்கின்றன; குரல் இல்லை.

“ஐந்து நிமிடத்தில் அனுப்புகிறேன் அம்மா” என்று சொல்லிவிட்டுத் தேட உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. சேனலை நடத்துபவன் நான்; அந்தக் கூட்டத்தைக் கைப்பேசியில் பதிவு செய்தவனும் நான்; வலையேற்றியவனும் நானேதான். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் குற்றவாளியை வாசகர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கடைசியில் அந்தப் பேச்சு கிடைத்த இடத்தின் பெயர் ‘20190818_163412’. கைப்பேசி தானாகவே வைத்துக்கொண்ட பெயர் அது. 2019 ஆகஸ்டு 18, மாலை நாலரை மணி என்று பொருள். மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவு. இறைவணக்கம், வரவேற்புரை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை, ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிடும் சத்தம், அதன்பின் ஒரு கவியரங்கம். இவையெல்லாம் கழிந்து ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் பெரியவர் எழுந்து நிற்கிறார். தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியின் இரைச்சலோடு முப்பத்தெட்டு நிமிடங்கள் பேசுகிறார். ஐந்து ஆண்டுகளில் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தவர்கள் பதினேழு பேர். அதில் ஏழெட்டு முறை நானாகவே இருக்கும்.

என்ன பேசினார் என்பதைச் சொன்னால்தான் என் வருத்தம் விளங்கும். 1979-இல் நாகர்கோவிலுக்கு ரயில் பாதை திறக்கும் முன் சாலைக்குச் சரக்கு எப்படி வந்தது என்று சொல்கிறார். தோவாளைப் பூ எந்த நேரத்தில் வந்து இறங்கும், கரமனைப் பாலத்தில் வண்டிகள் எப்படி வரிசைகட்டி நிற்கும் என்று சொல்கிறார். பார்வதி புத்தனாறு வழியாக வள்ளக்கடவுக்கு வள்ளங்கள் வந்து சேர்ந்ததைத் தம் தகப்பனார் வாய்ச்சொல்லாகச் சொல்கிறார். உருளி, வார்ப்பு, கிண்டி, சருவம் என்று பாத்திரங்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் பேசும் தமிழ்! பாதி நாஞ்சில் நாட்டுத் தமிழ், இடையிடையே மலையாளம், கணக்கு என்று வந்துவிட்டால் கடைத்தெருவுக்கே உரிய ஒரு தமிழ். 1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு போட்ட பிறகும் இந்த நகரில் பேசப்பட்டுவந்த அந்தப் பேச்சை எந்தப் பாடநூலிலும் காண முடியாது. சாலைத் தெருவைத் தம் கதைகளில் நிலைநிறுத்திய ஆ. மாதவன் 2021 ஜனவரியில் மறைந்தார். அவரிடமிருந்து ‘கிருஷ்ணப் பருந்து’ போன்ற நூல்களாவது நமக்கு இருக்கின்றன. ஒரு வரிகூட அச்சில் ஏறாத கணக்கப்பிள்ளைகளுக்கும் தரகர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் என்ன இருக்கிறது? இப்படிப்பட்ட ஒரு பதிவுதான் இருக்கிறது. அதையும் நான் எண்ணால் பெயரிட்டுப் புதைத்துவைத்திருந்தேன்.

வீடியோவை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நம் அமைப்புகள் பலவும் நினைக்கின்றன. யூடியூப் என்பது ஊருக்குப் பொதுவான பெரிய அலமாரி. அதில் ஒன்றைத் தேடுகிறவருக்கு, பெரும்பாலும் நாம் எழுதித் தந்த தலைப்பையும் குறிப்பையும் வைத்துத்தான் அது எடுத்துத் தருகிறது. நாம் ஒன்றும் எழுதாவிட்டால் அதற்கும் ஒன்றும் தெரியாது. (காணொளியா, காணொலியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தீரும்வரை நான் வீடியோ என்றே எழுதிக்கொள்கிறேன்.)

இதைச் சரியாகச் செய்து காட்டியவர்களைத் தேடி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் பூஜப்புரைக்குப் போனால் போதும். கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 2005 ஜூலையில் அப்துல் கலாம் அவர்கள் குடியரசுத் தலைவராக இருந்தபோது தொடங்கிவைத்த ‘விக்டர்ஸ்’ கல்வித் தொலைக்காட்சியை நடத்துவது அந்நிறுவனம்தான். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020-இல், ஜூன் 1-ஆம் தேதி ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கின. தொலைக்காட்சியில் வந்த பாடங்கள் யூடியூபிலும் ஏற்றப்பட்டன. தமிழ் வழியிலும் கன்னட வழியிலும் படிக்கும் பிள்ளைகளுக்காகவும் பாடங்கள் தயாராயின. மூணாறு எஸ்டேட் லயத்தில் இருந்த பிள்ளைக்கும் சித்தூர் பக்கத்துப் பிள்ளைக்கும் அவை எவ்வளவு உதவின என்பதை அந்தக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

அங்கே நான் கவனித்தது பாடத்தை மட்டுமல்ல, அவர்கள் பெயரிட்ட முறையையும்தான். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனையாவது வகுப்பு என்பது தலைப்பிலேயே இருந்தது. ஒரு பாடத்துக்கு ஒரு வீடியோ. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நேரத்தில் மின்சாரம் போய்விட்டாலும், அண்ணனும் தம்பியும் ஒரே கைப்பேசிக்கு அடித்துக்கொண்டாலும், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பிள்ளை தன் பாடத்தைத் தானே தேடி எடுத்துவிட முடிந்தது. இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. யார் தேடி வருவார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அவ்வளவுதான்.

நாமும் அப்படி யோசிக்கத் தொடங்கினால் முதலில் வருவது தலைப்பு. யார், எதைப் பற்றி, எந்த ஊர், எந்த ஆண்டு என்பது தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். தலைப்புக்கு நூறு எழுத்துகள்வரை இடம் உண்டு. ‘மாபெரும் முத்தமிழ் விழா’ என்று அதை வீணாக்கலாகாது. ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுதத் தெரியாது. அவர்கள் தேடுவதோ ஆங்கில எழுத்தில் அல்லது மலையாளத்தில். அதற்கும் வழியிருக்கிறது. தலைப்பையும் குறிப்பையும் வேறு மொழிகளிலும் எழுதிச் சேர்க்கும் வசதியை யூடியூபே தருகிறது. பார்ப்பவர் தெரிவு செய்திருக்கும் மொழிக்கேற்ப அது காட்டும். இங்கே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை மலையாள எழுத்தில் காட்டுவதில் தமிழுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. இதைச் சொன்னால் நம்மில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

அடுத்தது நீளம். பழைய மூன்று மணி நேரப் பதிவுகளை என்ன செய்வது? மீண்டும் ஏற்றவேண்டும் என்பதில்லை. குறிப்புப் பகுதியில் 0:00 என்று தொடங்கி, யார் எந்த நிமிடத்தில் பேசுகிறார் என்று வரிவரியாக எழுதிவிட்டால், 2020 முதல் யூடியூப் அவற்றைத் தனித்தனிப் பகுதிகளாகக் காட்டுகிறது. குறைந்தது மூன்று பகுதிகள் வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் ஒரு கூட்டத்தை முடித்துவிடலாம். முக்கியமான உரையாக இருந்தால் அதை மட்டும் வெட்டித் தனியே ஏற்றுவது நல்லது. ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேச்சாளர் சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்று வாங்குங்கள், விசிறியை நிறுத்துங்கள். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், சொல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

பிள்ளைகளின் ஆட்டம் பாட்டம் வேறு வகை. ஆண்டு விழாவில் நம் குழந்தைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். ஏற்றிய சில நிமிடங்களிலேயே பாட்டுக்கு உரிமையுள்ள கம்பெனியின் பெயரால் அறிவிப்பு வந்து நிற்கும். சில சமயம் வீடியோ முடக்கப்படும், சில சமயம் விளம்பர வருவாய் அவர்களுக்குப் போகும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, பாட்டு அவர்களுடையது. ஆனால் நான் சொல்லவந்தது வேறு. எல்லாவற்றையும் ஊரறியப் போடத்தான் வேண்டுமா? இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி, தேடலில் வராமல் வைக்கவும் வழி உண்டு. குழந்தையின் முழுப்பெயர், பள்ளி, வகுப்பு எல்லாம் போட்டு உலகத்துக்கே காட்டுவதை விட, சொந்தக்காரர்களுக்கு இணைப்பை அனுப்புவதுதான் முறை. பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே ஏற்ற வேண்டும். நான் அன்று கேட்கவில்லை.

“சேனலை வளர்ப்பது எப்படி” என்று சொல்லித்தருகிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். வாயைப் பிளந்த முகத்தை முகப்புப் படமாக வை, உள்ளே இல்லாததைத் தலைப்பில் சொல், தினமும் ஒன்று போடு என்பது அவர்கள் உபதேசம். இதைக் கேட்டு மிரண்டுபோய், “நமக்கெதற்கு இந்தச் சந்தை வேலை, நம்மிடம் நூலகம் இருக்கிறதே” என்கிறார் என் நண்பரான ஒரு தமிழாசிரியர். அவர் மிரட்சி நியாயமானதே. ஆனால் பொய்த் தலைப்பு வேறு, சரியான தலைப்பு வேறு. நூலகத்தில் புத்தக முதுகில் எண் ஒட்டிப் பட்டியல் எழுதுகிறவரை நாம் வியாபாரி என்றா சொல்கிறோம்? புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆயிற்று. வயல்வெளியில் நின்று தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினார்கள். பொய் எதுவும் சொல்லவில்லை. நமக்குக் கோடி வேண்டாம். பெங்களூரில் ஒரு பேத்தி, ஷார்ஜாவில் ஒரு மகன், பல்கலைக்கழகத்தில் பேச்சு வழக்கை ஆராயும் ஒரு மாணவர் என்று ஐம்பது பேர் வந்தால் போதும். அந்த ஐம்பது பேர் தேடும்போது கிடைக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். மூலப் பதிவைத் தனியே ஒரு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், கடவுச்சொல்லை இரண்டு பேராவது அறிந்திருக்கட்டும். நம் அமைப்புகளில் செயலாளர் மாறும்போது கடவுச்சொல்லும் அவரோடேயே வீட்டுக்குப் போய்விடுகிறது.

பெரியவரின் முப்பத்தெட்டு நிமிடத்தை இப்போது தனியே வெட்டி, பெயரும் ஊரும் ஆண்டும் போட்டு, குடும்பத்தாரின் சம்மதத்தோடு ஏற்றிவிட்டேன். விசிறிச் சத்தத்தை ஓரளவே குறைக்க முடிந்தது. பேத்தி கேட்டுவிட்டு மறுபடியும் அழைத்தாள். “மாமா, சருவம்னா என்ன?” என்றாள். சொன்னேன். அடுத்து அவள் அம்மா போனை வாங்கி, அந்தச் சருவம் இன்னும் வீட்டுப் பரணில் இருப்பதாகச் சொன்னார்.

இன்னும் நாற்பத்தோரு பதிவுகள் எண்களையே பெயராகக் கொண்டு கிடக்கின்றன. இதுவரை பதினொன்றை முடித்திருக்கிறேன். பழைய குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர்களும், மலையாளத்தில் பிழையின்றித் தட்டச்சு செய்யத் தெரிந்த இளையவர்களும் சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். காப்பி உண்டு.