நிறுத்திய இடம்

ஒரு காரியத்தை முடிக்குமுன் மற்றொன்றைத் தொடங்குகிறவரைச் சபலபுத்தி உடையவர் என்று சொல்லிவிடுவது உலகத்தின் சம்பிரதாயம். அந்தத் தீர்ப்பைச் சற்று நிதானமாக விசாரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டானதற்குக் காரணம், பள்ளிக்கூட உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பழகிக்கொண்ட ஒரு கைவேலை. பழைய நூற்புடவை, தையற்கடையில் வெட்டிக் கழித்த துண்டு, பேத்திக்குச் சிறுத்துப்போன பாவாடை ஆகியவற்றைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் கத்தரித்து ஒன்றோடொன்று இணைத்து, நடுவே பஞ்சைப் பரப்பி, அடியில் வேறொரு துணி கொடுத்து, மூன்றும் பிரியாதபடி ஊசியோட்டிப் போர்வை செய்வதுதான் அது. நகரத்துப் பெண்கள் இதைக் குவில்ட் என்ற பெயரால் வகுப்புக்குப் போய்ப் பயிலுகிறார்கள். 2019ஆம் ஆண்டில் சென்னையில் இதற்கென்று ஒரு விழாவே நடந்தது. ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் பாட்டிமார் பழம்புடவையை நாலைந்தாக மடித்து, குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டிக் குழந்தைக்கு விரிப்பாகப் போட்டதும் இந்த வேலையின் உறவுதான்.

என் டிரங்குப் பெட்டியில் முடிந்த போர்வையைத் தேடுவது சிரமம், முடியாதவற்றுக்கோ பஞ்சமில்லை. ஒன்று துண்டுகளாக வெட்டப்பட்டு, நூலால் கட்டிய பொட்டலமாக இருக்கிறது. ஒன்று மேற்பாகம் மட்டும் இணைக்கப்பட்டுப் பஞ்சுக்காகக் காத்திருக்கிறது. ஒன்றில் பாதிவரை தையல் ஓடியிருக்கிறது. ஒன்றுக்கு ஓரம் அடிப்பதுதான் பாக்கி. மரக்காணத்து உப்பளத்துக்கு வேலைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, திண்ணையில் நான் ஊசியும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னா டீச்சரம்மா, போன வருசமும் இதையேதான தச்சிக்கினு இருந்தீங்க?” என்றாள். “இல்லம்மா, அது வேற, இது வேற” என்றேன். “அப்ப அது முடிஞ்சிடுச்சா?” என்று அவள் கேட்டாள். தர்க்க சாஸ்திரம் கற்றவர்கூட இவ்வளவு சுருக்கமாக ஒருவரை மடக்கியிருக்க முடியாது.

எனினும் எங்கள் பெருமுக்கலில், திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே கிடக்கும் இந்தப் பிரதேசத்தில், காலமும் வேலையும் ஒன்றுக்கொன்று அனுசரணையாக இருப்பதில்லை என்பதை அவளே என்னைவிட நன்றாக அறிவாள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பிறகு பாத்திகளைச் சீர்செய்து உப்பு விளைவிக்கத் தொடங்கினால், வெயில் உள்ளவரை வேலை இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் பாத்திகளை மூடிக்கொள்ளும்போது கை ஓய்ந்துவிடும். அந்த மாதங்களுக்காகவே உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசாங்கம் 5,000 ரூபாய் நிவாரணம் அளிக்கலாயிற்று. ஆனால் கைக்கு அவகாசம் கிடைக்கும் அதே பருவத்தில் வானம் மூடியிருப்பதால் நூல் கோக்க வெளிச்சம் போதாது. துவைத்த துணி உலராது. பஞ்சு ஈரம் பிடித்துக் கட்டிக்கொள்ளும். கடற்காற்றின் உப்பு ஊசியையும் கத்தரிக்கோலையும் துருவேற்றிவிடும். வெளிச்சம் இருக்கும்போது அவகாசம் இல்லை, அவகாசம் இருக்கும்போது வெளிச்சம் இல்லை என்ற இந்த முரண்பாட்டில் வாழ்கிறவர்கள், ஒரே வேலையைத் தொடங்கி ஒரே மூச்சில் முடிப்பது எப்படிச் சாத்தியம்?

மேலும், போர்வை வேலை என்பது ஒரு வேலையல்ல. துண்டு வெட்டுவதற்கு முற்பகல் வெளிச்சமும் கூடம் நிறைந்த இடமும் வேண்டும். துண்டுகளை இணைப்பதற்கு மெஷினும் ஒருமுனைப்பட்ட கவனமும் வேண்டும். மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் தைப்பதற்கோ, மெல்லிய வெளிச்சமும் பேச்சுத் துணைக்கு ஒருவரும் இருந்தால் போதும். ஓரத்தைச் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்தபடியே அடித்துவிடலாம். ஆகையால் வெவ்வேறு கட்டத்தில் நிற்கும் நாலைந்து போர்வைகளை வைத்திருப்பவருக்கு எந்த வேளையும் வீணாவதில்லை. ஒன்றே ஒன்றை வைத்திருப்பவர்தான் அதற்குரிய வேளை வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். முடியாதவை எத்தனை என்று எண்ணுவதைக் காட்டிலும், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே பொருத்தமான விசாரணை என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறுத்திய இடத்தின் மகிமையை அறிய வேண்டுமானால் இந்தக் கடற்கரையிலேயே வடக்கே சென்று மாமல்லபுரத்தைப் பார்க்கலாம். பல்லவர் காலத்துச் சிற்பிகள் அங்கே எத்தனை வேலைகளை ஒருங்கே தொடங்கி எத்தனையை நடுவில் விட்டார்கள் என்பது, பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் சுற்றிவருகிறவர்களுக்கு விளங்கும். முடிவுபெறாத குடைவரைகளில், பாறையின் முகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து, கோட்டின் வழியே பள்ளம் வெட்டி, நடுவில் நின்ற கல்லைப் பெயர்த்தெடுத்த முறை இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. முற்றுப்பெற்ற மண்டபத்தில் அந்த அடையாளங்கள் அனைத்தும் இழைத்து மறைக்கப்பட்டுவிட்டதால், உளி நடந்த வழியை ஆராய்ச்சியாளருக்குக் கற்பித்தவை பெரும்பாலும் முடியாத வேலைகளே. தெற்கே கழுகுமலையில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணியான வெட்டுவான் கோயிலில், சிகரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்தவர்கள் அடித்தளத்தை எட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். எனினும் மேலே அமைந்த விமானம் எவ்விதக் குறையும் தோன்றாமல் பூரணமாக நிற்கிறது. எங்கள் ஊர் மலையும் ஒருவிதத்தில் அப்படித்தான்: குகைச் சுவரில் ஆதிமனிதர் கீறிய உருவங்களும், மேலே சிவாலயத்துச் சோழர் கல்வெட்டுகளும், 1760ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய கோட்டையின் இடிபாடுகளும் சேர்ந்து, வந்தவர் எவரும் முடித்துவிட்டுப் போகாத ஒரு நெடிய வேலையாகவே அது நிற்கிறது.

துணியிலும் வேலையின் வரிசைதான் அதன் விதியை நிர்ணயிக்கிறது. வங்காளத்துப் பெண்கள் காந்தா தைக்கும்போது, பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி விரித்து, முதலில் நெடுந்தையலிட்டுப் பிணைத்துக்கொள்வார்கள். புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் நடுவில் தாமரையும் மூலைகளில் மரமும் வரையும் வேலை அதன் பிறகுதான். ஆகவே சித்திரம் பாதியில் நின்றாலும் போர்வை போர்வையாகவே உதவும். வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகத்துப் பெண்கள் செய்யும் கவந்தியிலோ, விரித்த புடவையின் ஓரத்தில் தொடங்கி, துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகிறார்கள். அதை எந்த இடத்தில் நிறுத்தினாலும் நடுவில் ஒரு வெறுமை முகத்திலடித்தாற்போல் நிற்கும். மேனாட்டு முறையில் மேற்பாகத்தை முழுவதும் இணைத்த பிறகே பஞ்சு வைக்கிறோமாகையால், அந்த இடத்தில் நின்றுபோன வேலை பார்வைக்கு அழகாயிருந்தும் குளிருக்கு உதவாது. என் பெட்டியில் அதிகம் கிடப்பவை இந்த மூன்றாம் வகையே என்பதை மறைப்பானேன்?

இங்கிலாந்தில் இன்னொரு வழக்கம் உண்டு. காகிதத்தை வேண்டிய வடிவத்தில் கத்தரித்து, அதன்மேல் துணியை மடக்கித் தைத்து, சுற்றிலும் அண்டைத் துண்டுகள் சேர்ந்த பிறகு காகிதத்தை உருவி எடுத்துவிடுவார்கள். நடுவில் நின்றுபோன பழைய போர்வைகளின் பின்புறத்தில் அந்தக் காகிதங்கள் அப்படியே தங்கிவிட்டன. பழைய கடிதம், வீட்டுக் கணக்கு, செய்தித்தாள், குழந்தையின் கையெழுத்துப் பயிற்சி என்று பலவும் அவற்றிலிருந்து வாசிக்கப்பட்டு, தைத்தவர்களின் காலமும் குடும்ப நிலையும் அறியப்படுகின்றன. முடித்தவர்கள் காகிதத்தைக் களைந்து எறிந்துவிட்டார்கள். அவர்களுடைய போர்வை பேசுவதில்லை.

இவ்வளவும் சொன்னது சோம்பலுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. நடுவில் நிறுத்தவே கூடாத தையலும் உலகில் உண்டு. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் போலத் துண்டு துண்டாக இணைத்துப் பிக்குகளின் ஆடையாகிய சீவரத்தைத் தைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநய நூல் கூறுகிறது. மழைக்கால வாசம் முடிந்ததும் சங்கத்துக்கு அளிக்கப்படும் ‘கட்டினம்’ என்ற சீவரத்தை, துணி கிடைத்த அன்றே வெட்டி, தைத்து, சாயமேற்றி, மறுநாள் பொழுது விடியுமுன் முடித்தாக வேண்டும் என்பது விதி. இலங்கையில் இந்த ஆசாரம் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஒரே நாளில் அது முடிவதன் ரகசியம் பல கைகள் கூடுவதுதான். நம் தஞ்சைச் சீமையில் தேருக்குத் தொம்பையும் அசைமாலையும் தைக்கிறவர்கள் வேலையை இழுத்தடிக்க முடியுமா? வடம் பிடிக்கும் நாள் பஞ்சாங்கத்தில் குறித்தாகிவிட்டது. தைப்பவரின் மனநிலையை விசாரித்துக்கொண்டு தேர் நிற்காது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள், ஆளுக்கொரு சதுரமாகப் பூவேலை செய்து 66 சதுரங்களை இணைத்து முழுப் போர்வையாக்கினார்கள். காவலும் பசியும் சூழ்ந்த இடத்தில் முடிந்த வேலை, என் கூடத்தில் மின்விசிறியின் கீழ் முடியவில்லை. அவர்களுக்குப் பல கைகள் இருந்தன; தங்கள் பெயர் வெளியே போய்ச் சேரவேண்டுமே என்ற தவிப்பும் இருந்தது.

ஆகவே முடியாதவற்றை நான் இப்போது மூன்றாகப் பிரித்திருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட மனிதருக்காகத் தொடங்கியவை முதல் வகை. பிறக்கப்போகும் குழந்தைக்கென்று தொடங்கிய போர்வை, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு முடிந்தால் அதன் காலை மூடக்கூடப் போதாது. ஆகையால் இவற்றுக்குத் தேரின் நியாயமே உரியது: நாள் குறித்து, தேவையானால் அண்டை அயலாரைக் கூட்டியாவது முடித்துவிட வேண்டும். யாருக்கென்று இல்லாமல், ஆனால் அடுத்த தையல் எங்கே விழ வேண்டும் என்பது எனக்கு ஐயமறத் தெரிந்தவை இரண்டாம் வகை. இவை வேளைக்காகக் காத்திருப்பவை. இவற்றைப் பற்றி எனக்குக் கூச்சமில்லை. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அடுத்து என்ன செய்வது என்று புலப்படாமல் மறுபடியும் மடித்து வைக்கப்படுபவை மூன்றாம் வகை. இவை காத்திருக்கவில்லை, கைவிடப்பட்டுவிட்டன. அதை ஒப்புக்கொள்ள மனம் வராததால்தான் பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கின்றன.

இந்த மூன்றாம் வகையில்தான் கல்லுக்கு இல்லாத ஒரு சலுகை துணிக்கு உண்டு. பல்லவச் சிற்பி பாதியில் விட்ட ரதத்தைப் பிரித்து அந்தப் பாறையைக் கொண்டு வேறொரு ரதம் செய்திருக்க முடியாது, வெட்டியது வெட்டியதுதான். நானோ நுனிக் கத்தரியால் தையலை அறுத்து, துண்டுகளை இஸ்திரி போட்டு நிமிர்த்தி, நிறம் பார்த்து அடுக்கிவைத்தால், வேறொரு போர்வைக்கு அவை அப்படியே உதவும். புடவையாக ஒருமுறை ஆயுள் முடிந்து இங்கே வந்து சேர்ந்த துணிக்கு இன்னொரு மாற்றம் பெரிய காரியமல்ல. பஞ்சுக்குக் காத்திருந்து காத்திருந்து எனக்கே அலுத்துப்போன நீலப் போர்வையின் மேற்பாகத்தை இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன். அதன் துண்டுகளில் நல்லவற்றைப் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டிருக்கிறாள். அவள் மகளுக்கு மாசியில் பிரசவம்.