மதுரையின் அல்லங்காடி

மதுரைக்குச் செல்லும் எம்மவர் பெரும்பாலும் காலையில் போய் இறங்குவர், கோயிலை வணங்குவர், திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை அண்ணாந்து பார்ப்பர், சேலைக் கடையில் இரண்டு மணித்தியாலம் இருப்பர், பொழுது சாயுமுன் விடுதிக்குத் திரும்பிக் கதவைத் தாழிட்டுக் கொள்வர். மறுநாள் இராமேசுவரம், அல்லது திருச்செந்தூர். இவ்வாறு மூன்று நான்கு முறை சென்று வந்த குடும்பங்கள் எமக்குத் தெரியும். அவர்கள் மதுரையைக் கண்டவர்கள் என்று சொல்ல எமக்கு மனம் வருவதில்லை. அந்நகரின் பாதி, அதுவும் சுவை மிக்க பாதி, விளக்கு வைத்த பின்னரே கண் விழிக்கின்றது.

இது நாம் புதிதாகக் கண்டு சொல்லும் செய்தியன்று. பத்துப்பாட்டினுள் நீளத்தால் முதலிடம் பெறும் மதுரைக்காஞ்சி, 782 அடிகளையுடையது. அதைப் பயிலும் மாணவர் இதனை நன்கறிவர். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த பாட்டு அது. ஆயினும் மாங்குடி மருதனார், அரசனை அறிவுறுத்துவதோடு அமையாமல், அவன் நகரத்தை நடந்து காட்டுகின்றார். பகலிற் கூடுவது நாளங்காடி. மாலையிற் கூடுவது அல்லங்காடி. இரவை யாமம் யாமமாகப் பகுத்து, எப்பொழுதில் எவர் தெருவில் நிற்கின்றனர், எதை விற்கின்றனர், எப்போது கடையடைக்கின்றனர் என்று சொல்லிச் செல்கின்றார். அடையும் மோதகமும் விற்கும் கூவியர், இரவு முதிர்ந்தபின் தம் பண்டங்களோடு இருந்தபடியே உறங்குவதையும் அவர் விட்டுவிடவில்லை. அரசனைப் பாட வந்தவருக்கு அப்பக்காரனின் உறக்கம் எதற்கு என்று எம் வகுப்பில் மாணவன் ஒருவன் ஒருமுறை கேட்டான். நல்ல கேள்வி. உரையாசிரியரைக் காட்டி அவனுக்கு விடை சொல்வதிலும், மாசி வீதிக்கு அவனை அழைத்துப் போவது மேல்.

இக்காலத்தில் மதுரையில், வெளியூராரை ஏழெட்டுப் பேராகச் சேர்த்து, அந்தி வேளையில் கடைத்தெருக்களினூடே நடத்திச் சென்று, தெருவோரப் பண்டங்களைச் சிறிது சிறிதாகச் சுவைக்கச் செய்து, இடையிடையே கதையும் சொல்லும் வழிகாட்டிகள் இருக்கின்றனர். சென்ற விடுமுறையில் நாமும் எம் கல்லூரி நண்பர் ஒருவரும் ஒரு மாலை அவ்வாறான கூட்டமொன்றில் சேர்ந்து கொண்டோம். மறுநாள் மாலை வழிகாட்டியின்றி அதே வழியைத் தனியே நடந்தோம். இரண்டும் வேண்டுமென்பது எம் கருத்து. முதல் நாளில் நாக்குக்கு வேலை. கண்ணுக்கும் காதுக்கும் மறுநாளே ஓய்வு கிடைக்கின்றது.

நகரின் அமைப்பை முதலில் மனத்தில் இருத்திக் கொள்ளல் நன்று. கோயில் நடுவே; அதனைச் சுற்றி வரிசை வரிசையாக நாற்சதுர வீதிகள். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. எல்லாவற்றுக்கும் அப்பால் வெளி வீதி. மாதங்களின் பெயரால் ஊரையே நாட்காட்டி ஆக்கிவிட்டனர். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையே மாரட் வீதி என்றொன்று வரும். இது மாதத்தின் பெயரன்று. 1840களில் பிளாக்பர்ன் என்னும் ஆங்கிலேயக் கலெக்டர் பழைய கோட்டையை இடிப்பித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தபோது, அவ்வேலையில் ஈடுபட்ட அதிகாரி ஒருவரின் பெயர் வீதிக்கு இடப்பட்டது. அக்கலெக்டரின் நினைவாக நாட்டிய விளக்குத்தூண் இன்றும் நிற்கின்றது. ஆனால் மதுரையில் ஒருவர் 'விளக்குத்தூணுக்கு வாருங்கள்' என்று அழைத்தால், அழைப்பது பிளாக்பர்னுக்காக அன்று. துணிக்கடைக்காக, அல்லது ஜிகர்தண்டாவுக்காக.

நாம் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, புதுமண்டபத்தின் அருகிலிருந்து புறப்பட்டோம். திருமலை நாயக்கர் எழுப்பிய அம்மண்டபத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் கண்டவர்கள் அங்கே சிற்பத் தூண்களுக்கிடையே வரிசையாக இருந்த தையற்காரரை மறந்திருக்க மாட்டார்கள். யாளியின் காலடியில் தையல் இயந்திரம் கடகடக்கும். சேலை வாங்கிய கையோடு சட்டையும் தைத்து வாங்கிக் கொண்டு போகலாம். இப்போது அவர்கள் அங்கில்லை. 2018 பெப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றிய பின்னர்க் கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புதுமண்டபத்து வணிகரும் பின்னர் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரக் கட்டடத்துக்கு மாறினர். கல்லுக்கு நன்மையே. சிற்பங்களைப் புகையும் எண்ணெயும் படாமற் காப்பது வேண்டியதுதான். எனினும் மண்டபத்தை இப்போது பார்க்கையில், விருந்தினர் போய்விட்ட வீடு போல் இருக்கின்றது.

அவ்விடத்திலேயே பூக்காரிகள். மதுரை மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது அப்பெயரை வேறு ஊர்ப் பூவுக்கு இடுதல் சட்டப்படி ஆகாது. அதிகாலையில் அரும்பாகப் பறித்து, பகலெல்லாம் தொடுத்து, மாலையில் விரியும் தறுவாயில் விற்கின்றனர். விற்பவளின் முழங்கையே அளவுகோல். குட்டைக் கைக்காரியிடம் வாங்குவோருக்கு நட்டம் என்று எம் நண்பர் கணக்குப் போட்டார். பூக்காரி அவரைப் பார்த்த பார்வையில் கணக்கு அத்துடன் நின்றது.

தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளை விரைந்து கடந்துவிடலாம். ஆசிரியர் சம்பளத்தில் அங்கே நின்று பார்ப்பதும் செலவே. இவ்வூரின் பொற்கடை வீதியையும் அறுவை வீதியையும் கூல வீதியையும் முன்னொருவன் இவ்வாறே வெளியூரானாக நடந்து பார்த்தான். சிலப்பதிகாரத்துக் கோவலன் அவன். எம் நாட்டில் கண்ணகையம்மன் கோயிலடியில் வளர்ந்த எவருக்கும் அவ்வீதியில் ஒரு கணம் நடை தளரும்.

உண்பதற்கு வருவோம். முதலில் பருத்திப்பால். பெயரைக் கேட்டு மருந்து என்று எண்ண வேண்டாம். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தெடுத்த பாலை அரிசி மாவோடு காய்ச்சி, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தூவி, தேங்காய்த் துருவலோடு சூடாகத் தருவர். எம்மூர் ஒடியற்கூழின் உறைப்பும் மீனும் இல்லாத இனிய தங்கை என்று சொல்லலாம். தெற்கே விருதுநகர், கோவிற்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலம் பருத்தி விளையும் நிலம்; பஞ்சு ஆலைக்குப் போகும்; விதை மாட்டுக்குப் போகும். மாட்டுக்கு வைத்ததில் மனிதனும் ஒரு பங்கு எடுத்து இவ்வளவு சுவையாக ஆக்கியிருக்கின்றான். வறண்ட நிலத்தவரே இத்தகைய பண்டங்களைக் கண்டுபிடிப்பர். பனையை விட்டுவைக்காத யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது முள்ளுமுருங்கை வடை. கல்யாணமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயிற் பொரித்தெடுப்பது, பச்சை நிறம், சளிக்கு நல்லதென்று சொல்லிக் கொண்டே மூன்று நான்கு தின்பர். சௌராட்டிரர் வீடுகளில் இது வழக்கமான பலகாரம். பட்டு நெசவாளராகிய அம்மக்கள் கூர்ச்சரத்திலிருந்து பல தலைமுறைகளாகத் தெற்கு நோக்கி வந்து, நாயக்கர் ஆட்சிக் காலத்தில் மதுரையில் வேர் கொண்டவர்கள். வீட்டினுள் தம் மொழி, வீதியில் தமிழ். சுங்குடிச் சேலை அவர்கள் கைவண்ணமே. எம் வீட்டு வானொலிகளைப் பல்லாண்டு ஆட்கொண்ட ரீ. எம். சௌந்தரராஜன் அக்குலத்தவர் என்பதை இளைஞர் சிலர் அறியாதிருக்கலாம்.

ஜிகர்தண்டாவும் அவ்வாறே வெளியிலிருந்து வந்து மதுரையான ஒன்று. 'ஜிகர்' என்பது பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல். ஈரல் என்பது பொருள். ஆயினும் நாம் நெஞ்சு என்று சொல்லுமிடத்தில் அவர்கள் ஈரல் என்பர். 'தண்டா' குளிர்ச்சி. செம்மை படரச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், நீரில் ஊறிக் கண்ணாடித் துண்டங்கள் போற் பொங்கிய பாதாம் பிசின், நன்னாரிப் பாகு, மேலே பனிக்கூழ் ஒரு கரண்டி. நெஞ்சு குளிர்கின்றதோ இல்லையோ, இரவுச் சாப்பாட்டுக்கு இடமில்லாமற் போகின்றது. ஆகையால் இதைக் கடைசியாகக் குடிப்பதே முறை. வழிகாட்டி எமக்கு நடுவிலேயே வாங்கித் தந்துவிட்டார்.

புரோட்டாக் கடைகளைப் பற்றி எம்மவருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கல்லின்மேல் இரும்புத் தகடுகள் தாளமிடும் ஓசை கேட்டதும் எம் நண்பர் கொழும்புக் கொத்துறொட்டிக் கடைக்கே வந்துவிட்டதாக மகிழ்ந்தார். அவர்களது கொத்துப் புரோட்டா முந்தியதா, எம்மது முந்தியதா என்ற வழக்கில் நாம் இறங்கப் போவதில்லை; இரு கரையிலும் அதற்காகக் கைகலக்க ஆட்கள் இருக்கின்றனர். ஆட்டிறைச்சியைக் கொத்தித் தோசைமேற் பரப்பிச் சுடும் கறித்தோசையும் அவ்வூரிற் பேர் பெற்றது. நாம் மரக்கறி உண்பவராதலால் அதன் சுவையை எழுத இயலாது. நண்பர் இரண்டாவது கேட்டு வாங்கினார் என்பதை மட்டும் எழுதலாம்.

மறுநாள் தனியே நடந்தபோதே ஒன்று புலனாயிற்று. முதல் நாள் நாம் கூட்டமாக வந்து, ஒவ்வொரு வண்டியையும் சூழ்ந்து நின்று, படம் பிடித்து, கால்வாசி தின்று நகர்ந்தோம். எமக்குப் பின்னால் நின்றவர்களை நாம் பார்க்கவில்லை. அவர்கள் கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை இறக்குவோர். துணிக்கடையில் பகலெல்லாம் நின்ற பிள்ளைகள். வெளியூர் பஸ்ஸுக்குக் காத்திருப்போர். எமக்கு வேடிக்கையாக இருந்தது அவர்களுக்கு இரவுச் சாப்பாடு. அறையொன்றில் ஐந்தாறு பேராகத் தங்கி, அடுப்பில்லாமல் வாழும் உழைப்பாளிக்கு அந்த இட்டிலிக்காரியே தாய்வீடு. மூட்டை தூக்கும் முதியவர் ஒருவருக்கு, அவர் வாய் திறக்குமுன்னே, நான்கு இட்டிலியும் உறைப்புக் குறைந்த சட்டினியும் இலையில் வந்தன. 'ஐயாவுக்கு வயிற்றுப்புண்' என்று அவள் எமக்குச் சொன்னாள்.

இத்தகையோருக்காக இந்தியப் பாராளுமன்றம் 2014இல் ஒரு சட்டம் இயற்றியது. தெருவோர வணிகரைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்காமல் அகற்றலாகாது. அவர்களுக்கு இடம் ஒதுக்கும் நகரக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் அவர்களே இருத்தல் வேண்டும். அவருள்ளும் மூன்றிலொரு பங்கு பெண்கள். நல்ல சட்டம். ஆனால் 2019இல் தமிழ்நாட்டு அரசு வேறோர் ஆணை பிறப்பித்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்பது அது, பின்னரும் நீடிக்கப்பட்டது. கணவன் இட்டிலி அவிக்க மனைவி பரிமாறும் தள்ளுவண்டியில் 10 பேருக்கு எங்கே போவது? இரவு 11 மணியானால் விளக்கை அணைக்கச் சொல்லும் குரல் வந்துவிடும் என்று அந்த இட்டிலிக்காரி சொன்னாள். அதன்பின் லொறியில் வந்திறங்கும் ஆட்கள் பசியோடு படுக்க வேண்டியதுதானாம். தூங்கா நகரம் என்று பெயர் படைத்த ஊரில், பெரிய கடைகள் விழித்திருக்கச் சட்டம் இருக்கின்றது. கூவியரின் வழிவந்தோர் தம் பண்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்து உறங்குவதற்கும் இடமில்லை. ஒழுங்கும் துப்புரவும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு இன்னும் சில மணித்தியாலம் கொடுப்பதால் எந்த ஒழுங்கு கெடும் என்பது எமக்கு விளங்கவில்லை.

அடுத்த விடுமுறையிற் செல்ல எண்ணும் குடும்பத்தினர்க்குச் சில சொற்கள். ஆறு மணியளவில் புறப்படுங்கள். ஏழெட்டுப் பேராகத் திரளாமல் மூவர் நால்வராகப் பிரிந்து நடவுங்கள். கொதிக்கக் கொதிக்க எடுத்துத் தருவதையே உண்ணுங்கள். கூட்டம் அதிகமுள்ள வண்டியில் பண்டம் பழையதாவதில்லை. குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஜிகர்தண்டா ஒன்றை இருவராகக் கொடுங்கள். வண்டிக்காரர் மேல் படக்கருவியை நீட்டுமுன் ஒரு சொல் கேளுங்கள். வாங்கியதை முழுவதும் உண்டு, இலையை உரிய இடத்திற் போட்டு, பின்னால் நிற்பவருக்கு வழி விடுங்கள். விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்க வேண்டாம்.